டப்பாப் பழமும் கொல்லைக் கொய்யாவும்

நம்மவரிடையே ஒரு விசித்திர மரியாதை உண்டு. கொல்லையிற் காய்த்துக் குலுங்கும் பொருளுக்கு மதிப்பில்லை. வர்ணக் காகிதம் ஒட்டிய தகரடப்பாவில் அடைபட்டுக் கப்பலேறி வந்த பொருளுக்கே மதிப்பு. நோயாளியைக் காணச் செல்லும்போது கையில் ஒரு டின் லைச்சிப் பழம் இல்லாவிடில் கௌரவக் குறைவு என்று எண்ணுவோர் இன்றும் பலர். ஆங்கிலப் பாடசாலையிற் படித்து, தோட்டத்துக் காரியாலயத்திற் கணக்கெழுதும் நானும் அவர்களில் ஒருவனாகவே இருந்தேன் என்பதை வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளுகிறேன்.

என் தாயாருக்குச் சர்க்கரை வியாதி. சம்பள நாள்தோறும் பட்டணம் சென்று நாலைந்து டின் பழம் வாங்கி வருவேன். சோற்றைக் குறைத்துப் பழம் உண்டால் நலம் என்பது என் எண்ணம். அதே சமயத்தில், வீட்டின் பின்புறம் நின்ற கொய்யா மரத்தை, மோட்டார் நிறுத்த இடம் வேண்டுமென்று வெட்டச் செய்தேன். தாயார் ஒன்றும் சொல்லவில்லை. படித்தவன் செய்வது சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார் போலும்.

ஆஸ்பத்திரியிற் சோதித்தபோது இரத்தத்திற் சர்க்கரை முன்னிலும் ஏறியிருந்தது. "என்ன சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்று தாதி கேட்டாள். "தினமும் பழம்" என்று நானே பெருமையுடன் விடை கூறினேன். என்ன பழம் என்றாள், சொன்னேன். "டின்னில் உள்ள பாகை என்ன செய்வீர்கள்?" என்றாள். தாயார் சற்றும் தயங்காமல், "குடித்துவிடுவேன், அம்மா. பிள்ளை காசு கொடுத்து வாங்கியதைக் கொட்டலாமா?" என்றார். என் தலை கவிழ்ந்தது.

அன்று தொடங்கி இவ்விஷயத்தை ஊன்றிப் படித்தேன். படித்ததில் என்னை முதலில் திகைக்கச் செய்தது, குற்றம் டப்பாவினுடையதன்று என்பதே. உணவைக் காற்றுப் புகாது அடைத்துச் சூடேற்றிக் காக்கும் முறைக்காக நிக்கோலா அப்பேர் என்பவர் 1810ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசாங்கத்திடம் 12,000 பிராங்க் பரிசு பெற்றார். அச்சூட்டில் 'ஸி' ஜீவசத்தில் ஒரு பகுதி அழியும். ஒரு பகுதி நீரிற் கரையும். ஆயினும் நார்ப்பொருளும் தாது உப்புக்களும் பெரும்பாலும் நிலைத்திருக்கும். தக்காளியின் செந்நிறச் சத்தோ சூடுபட்ட பின்னர்தான் உடலில் எளிதிற் சேர்கிறது. தீங்கு செய்வது அதனுள் ஊற்றும் சர்க்கரைப் பாகும் உப்பு நீருமே.

பனியாய் உறையவைத்த காய்களை நான் ஒரு காலத்தில் 'பிணவறைக் காய்' என்று பரிகசித்தவன். அதுவும் அறியாமையே. அவற்றைப் பறித்தவுடன் கொதிநீரிற் சிறிது நேரம் அமிழ்த்தி, விரைந்து உறையச் செய்கிறார்கள். ஆதலின் சத்துக்கள் பல மாதங்கள் பெரிதும் குன்றாமல் நிற்கின்றன. மலையிற் பறித்து, லாரியில் வந்து, கடையில் வாடி, மூன்று நான்கு நாட்கள் கழித்து நம் சட்டியில் விழும் கீரையோ 'ஸி' ஜீவசத்தில் நல்ல பங்கை வழியிலேயே இழந்துவிடுகிறது.

பக்குவப்படுத்துவதெல்லாம் கெடுதி என்போருக்கு இந்நாட்டுச் சரித்திரமே மறுமொழி. 1907ஆம் ஆண்டு தொடங்கிப் பிரேஸர், ஸ்டான்டன் என்னும் இரு டாக்டர்கள், நெகிரி செம்பிலானிற் சாலை வேலை செய்த ஜாவானியத் தொழிலாளரிடையே ஆராய்ச்சி நடத்தினர். தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்டோரைப் பெரிபெரி வியாதி பற்றியது. புழுங்கலரிசி உண்டோரைப் பற்றவில்லை. நெல்லை அவிக்கையில் தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதே காரணம். நம் தமிழ்த் தொழிலாளரை அந்நோயினின்று பெரிதும் காத்தது, வெளுத்த அரிசி உண்டோர் ஏளனம் செய்த அப்புழுங்கற் சோறுதான்!

பழமும் காயும் நாளொன்றுக்கு 400 கிராமேனும் வேண்டும் என்பது உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் கூற்று. 2019ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் நடத்திய ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 95 பேர் போதிய அளவு உண்பதில்லை என்று தெரிந்தது. அதே ஆய்வில், நீரிழிவு மிகுந்த இனத்தார் இந்தியரே. நூற்றுக்கு 31 பேர். தோழர்களே, இவ்வெண்களைத் தலைவிதி என்று தள்ளிவிடலாகாது. விதிக்கு லைச்சி டின் வாங்கத் தெரியாது, நமக்குத்தான் தெரியும்.

செய்யத்தக்கது யாது? கொல்லையுள்ளோர் முருங்கையும் பசளையும் கொய்யாவும் வளர்க்கலாம். 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் 'ஸி' ஜீவசத்து உண்டு; ஆரஞ்சில் 50 அளவே. அடுக்குமாடியில் வாழும் பட்டணத்தார், பாகும் உப்பும் சேராத உறைந்த காயைத் தயங்காது வாங்கலாம். டின் வாங்க நேர்ந்தால் மேற்காகிதத்தைப் படித்து, சொந்தச் சாற்றில் அடைத்ததையே எடுக்க வேண்டும். உப்பு நீரில் உள்ளதை வடித்துக் கழுவினால் உப்பு ஓரளவு குறையும். பாகைக் கொட்டிவிடுவது வீண் செலவாகாது. குடிப்பதே வீண் செலவு.

என் வீட்டுக் கொய்யா மரம் திரும்பி வராது. அவ்விடத்தில் தாயார் தம் கையாலேயே ஒரு முருங்கைக் கொம்பை நட்டிருக்கிறார், அது துளிர்விட்டிருக்கிறது. மோட்டார் இப்பொழுது வெயிலில் நிற்கிறது. நிற்கட்டும்.