நக்கல் புரியாத தம்பி

கால் முறிந்தவன் நொண்டி நடந்தால் ஊரே பரிதாபப்படும். தலையில் அடிபட்டுப் பிழைத்தவன் இடம் பொருள் தெரியாமல் பேசினால், 'திமிரைப் பாரு' என்கும். என் தம்பி விஷயத்தில் கழுகுமலையில் நாங்கள் பார்த்தது இதைத்தான்.

கோவில்பட்டி ரோட்டில் பைக் விபத்து. தலையில் ஹெல்மெட் இல்லை. ஆபரேஷன் முடிந்து சில மாதங்களில் நடந்தான், பேசினான், கணக்குப் போட்டான். உரக்கடை வேலைக்கும் போனான். சிக்கல் அதன்பிறகுதான். துஷ்டி வீட்டில் அழுதுகொண்டிருந்த பெரியம்மாவிடம் காபி கேட்டான். மழையில்லாமல் உளுந்து காய்ந்துபோன கவலையோடு வந்த சம்சாரியிடம், "பழைய பாக்கி என்னாச்சு?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். முதலாளி, "ரொம்ப நல்லா யாவாரம் பாக்கப்பா!" என்று நக்கலடித்தால், பாராட்டு என நினைத்துச் சிரித்தான்.

"மதினி, இது நான் கட்டிக்கிட்ட மனுசன் மாதிரியே இல்ல" என்று அழுதாள் தம்பி மனைவி. பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடவும் யோசித்தாள்.

மதுரையில் ஓர் உளவியல் நிபுணர் விளக்கினார். பேச்சை அடக்கவும், எதிராளியின் மனசை ஊகிக்கவும் உதவுவதில் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதிக்குப் பெரிய பங்கு உண்டு. விபத்தில் அது எளிதில் காயப்படும். 1848-ல் அமெரிக்காவில் ரயில்பாதை வேலை பார்த்த பினியஸ் கேஜ் என்ற மேஸ்திரியின் மண்டையை மூன்றரை அடி இரும்புக் கம்பி துளைத்துப் போனது. பிழைத்துக்கொண்டார். ஆனால், 'இவர் பழைய கேஜ் இல்லை' என்றார்கள் நண்பர்கள். அதே கேஜ் பின்னாளில் சிலி நாட்டில் பல வருடங்கள் குதிரை வண்டி ஓட்டினார். தினமும் ஒரே ஒழுங்கில் செய்த அந்த வேலையே அவரை மீட்டிருக்கும் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு.

தம்பிக்கும் பயிற்சி தொடங்கியது. சீரியலைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, 'இந்தம்மாவுக்குக் கோவமா, வருத்தமா?' என்று கேட்போம். பிறகு படத்தைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டுச் சொல்ல வேண்டும். வாயைத் திறக்கும் முன் ஒரு நொடி நின்று, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கும் பாடம் உண்டு. ஜாடை பேசக் கூடாது. கோபம் என்றால் 'எனக்குக் கோவமா இருக்கு' என்று நேராகச் சொல்ல வேண்டும். நம் கரிசல் பக்கம் இது லேசில்லை. விருந்தாளி 'போதும்' என்றால், இன்னொரு கரண்டி வையுங்கள் என்றும் அர்த்தம். அதற்குத் தம்பியே ஒரு விதி கண்டுபிடித்தான்: "இலை மேல கையை வச்சு மறைச்சா நெசமாவே போதும்."

இன்னும் தடுமாறுகிறான். சாயங்காலம் அசந்துவிட்டால் தவறுகள் கூடும். ஆனால் போன பங்குனி உத்திரத்தன்று, கூட்டத்தில் பேசாமல் நின்ற மனைவியிடம், "உனக்கு வருத்தமா, அசதியா? எனக்குப் பிடிபடல, சொல்லிரு" என்று கேட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது அவள் குரல் தழுதழுத்தது. அம்மா வீட்டுப் பேச்சை இப்போதெல்லாம் அவள் எடுப்பதில்லை.

உங்கள் வீட்டிலும் யாருக்காவது தலையில் அடிபட்டிருந்தால், நடையும் பேச்சும் திரும்பியதோடு விட்டுவிடாதீர்கள். மனிதர்களிடம் எப்படிப் பழகுகிறார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் பயிற்சி இருக்கிறது.