விளையாட்டுப் பெட்டியின் சாவி

விளையாட்டைப் பற்றி எழுத நம் போன்ற ஏடுகளில் இடம் கிடைப்பது அரிது. கூலி, குடியிருப்பு, காணி, கல்வி எனத் தோட்டத் தொழிலாளரின் குறைகள் மலைபோல் குவிந்து கிடக்கையில், நாணயம் போட்டு ஆடும் மின்விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்கும் நண்பர்களும் நம்மிடையே உண்டு. ஆனால் எட்டு மணிநேர வேலை கேட்டுப் போராடிய உலகத் தொழிலாளர், தம் விருப்பப்படி கழிப்பதற்கு மற்றோர் எட்டு மணிநேரத்தையும் சேர்த்தே கேட்டார்கள். அந்த நேரத்தை இன்று யார் தம் உடைமையாக்கிக் கொள்கிறார்கள் என்பது சில்லறைக் கேள்வியன்று.

ஏப்ரல் சீசனில் நுவரெலியாவுக்குச் சென்றவர்கள் இதன் ஒரு முகத்தைக் கண்டிருப்பர். 1873 இல் ஆளுநர் கிரகரி அமைத்த ஏரியின் கரையில் கொழும்புக் கனவான்களின் பிள்ளைகள் குதிரைச் சவாரி செய்வர், படகில் செல்வர், விளக்குகள் மின்னும் பெட்டிகளின் முன் நின்று துப்பாக்கி பிடிப்பர். சுற்றுத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகளோ தகப்பன் கையைப் பிடித்தபடி சற்று விலகி நின்று பார்ப்பர். பார்ப்பதற்குக் காசில்லை அல்லவா?

ஆனால் பார்ப்பதும் ஆட்டத்தின் ஒரு பகுதிதான். தொண்ணூறுகளில் ஹட்டன் நகரின் பிரதான வீதிக்குப் பின்புறம், தையற்கடை ஒன்றையொட்டிய இருண்ட அறையில் இத்தகைய பெட்டி ஒன்று இருந்தது. ஒருவன் ஆடுவான், பத்துப் பேர் அவன் தோளுக்கு மேலால் எட்டிப் பார்ப்பர். எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எப்போது உதைக்க வேண்டும் என்று பத்துக் குரல்கள் ஒருசேர ஆணையிடும். இரண்டு நிமிடத்தில் தோற்று வெளியே வருகிறவனுக்கு ‘அரைப்பேர்’ என்று பட்டம் கிடைக்கும். நிறை குறைந்த கொழுந்துக்கு அரைநாட் கூலி பதியும் கணக்கப்பிள்ளையின் சொல்லை, பிள்ளைகள் பெரட்டுக்களத்திலிருந்து அந்த அறைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். லயத்து முற்றத்தில் காமன் கூத்து ஆடும்போது ஆடுகிறவர் யார், பார்க்கிறவர் யார் என்ற கோடு அழிந்துவிடுவதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகள் அவர்கள். அந்த அறையிலும் அக்கோடு அழிந்துவிடும்.

அந்தக் கடைக்காரர் பெரும் படிப்புப் படித்தவரல்லர். வானொலி திருத்தக் கற்றவர். ஆண்டுக்கொருமுறை கொழும்புக்குச் சென்று பழைய போர்ட் ஒன்றைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டு வருவார். பெட்டியின் பின்கதவைத் திறந்து பழையதைக் கழற்றிப் புதியதைச் செருகுவார். அதே பெட்டி, அதே கைப்பிடி. ஆனால் வேறோர் ஆட்டம். பையன்களுக்கு அது மாயவித்தை. உண்மையில் அது ஒரு பொது ஒழுங்கின் பயன். 1985 இல் ஜப்பானின் விளையாட்டு இயந்திர உற்பத்தியாளர் சங்கம் எல்லா நிறுவனங்களின் போர்ட்களுக்கும் ஒரே விதமான இணைப்பை வகுத்தது. சங்கத்தின் பெயராலேயே அதை ‘ஜம்மா’ என்றனர். பக்கத்துக்கு 28 ஆக 56 முனைகள். எந்த முனையில் மின்சாரம், எதில் ஒலி, எதில் கைப்பிடி என்பது எங்கும் ஒன்றே. டோக்கியோவில் ஓய்ந்துபோன ஆட்டம் கைமாறிக் கைமாறி, ஐந்தாறு ஆண்டுகள் பிந்தியேனும் நம் மலைக்கு ஏறி வந்தது இந்த ஒழுங்கினால்தான். ஏழைக்குப் பழையதே புதியது என்பார்கள். அந்தப் பழையதாவது நமக்கு வந்து சேர ஒரு வழி திறந்திருந்தது.

அவ்வழியை அடைக்கும் முயற்சி அன்றே தொடங்கிவிட்டது. 1991 இல் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ உலகெங்கும் நாணயங்களை அள்ளியபோது, அதன் திருட்டுப் பிரதிகளும் உலகெங்கும் பெருகின. அதைத் தயாரித்த காப்கொம் நிறுவனம் 1993 இல் கொண்டுவந்த புதிய போர்டில் ஆட்டத்தைச் சங்கேதத்தில் பூட்டி, பூட்டைத் திறக்கும் எண்ணை ஒரு சிறு மின்கலத்தின் உயிரில் தொங்கவிட்டது. மின்கலம் தீர்ந்தால் எண் அழியும். எண் அழிந்தால் ஆட்டம் மாளும். விலை கொடுத்து வாங்கியவன் கையில் ஒருநாள் இறந்த பலகை மிஞ்சும். ஊதியம் எதுவும் பெறாத ஆர்வலர் சிலர் பல்லாண்டு உழைத்து அச்சங்கேதத்தை உடைத்தனர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். திருட்டைத் தடுப்பது நியாயமே. ஆனால் நேர்மையாக வாங்கியவனின் பொருளும் நாட்குறித்துச் சாகும்படி செய்வது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

2004 இல் டைட்டோ நிறுவனம் சாதாரண மேசைக் கணினியின் உறுப்புகளாலேயே ஆர்கேட் இயந்திரத்தைச் செய்யத் தொடங்கியது. பாகங்கள் மலிந்தன, திருத்துவது எளிதாகியிருக்க வேண்டும். நடந்ததோ வேறு. 2010 இல் அதே நிறுவனம் ஆட்டங்களைக் கம்பிவழி அனுப்பும் ‘நெசிக்கா’ வலையமைப்பை நிறுவியது. கடைக்காரர் ஆட்டத்தை வாங்குவதில்லை. விழும் ஒவ்வொரு நாணயத்திலும் ஒரு பங்கை நிறுவனத்துக்குச் செலுத்துகிறார். மற்றப் பெரு நிறுவனங்களும் இவ்வழியிலேயே சென்றன. தொலைவிலுள்ள மையக் கணினி அனுமதித்தால்தான் ஆட்டம் எழும். அச்சேவையை என்று நிறுத்துகிறார்களோ அன்று பல ஆட்டங்கள் தாமும் நின்றுவிடும்.

கொழும்பிலுள்ள கடைத்தொகுதி ஒன்றின் விளையாட்டு நிலையத்தில் வேலை செய்யும் நம் பழைய மாணவர் ஒருவர், டிக்கோயாப் பக்கத்துத் தோட்டத்தவர், விடுமுறையில் வந்தபோது ஒரு செய்தி சொன்னார். ஆறு மாதமாக அங்கே ஓர் இயந்திரம் துணி போர்த்திக் கிடக்கிறதாம். என்ன பழுது என்று கேட்டோம்.

“பழுதே இல்ல சேர். எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சாவி மட்டும் அவங்ககிட்ட இருக்கு.”

இந்த வார்த்தையை விளங்கிக்கொள்ள மலையகத்தானுக்கு அகராதி வேண்டியதில்லை. நான்கு தலைமுறை வாழ்ந்த லயக் காம்பராவுக்கு ஓடு மாற்றவும் துரையின் உத்தரவு கேட்கிறவன் அவன். 1992 இல் அரசுத் தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்கு மாறியது. நிலம் அரசினுடையது, குத்தகை கம்பனியினுடையது, உழைப்பு மட்டுமே தொழிலாளியினுடையது. அங்கே காம்பரா, இங்கே பெட்டி. உள்ளே இருக்கலாம், உரித்துக் கேட்கலாகாது.

ஆர்கேட் நிலையங்கள் அழிவதற்குக் கைத்தொலைபேசியே காரணம் என்று பலரும் சொல்லுகின்றனர். இது பாதி உண்மை. ஜப்பானில் 1980களின் நடுப்பகுதியில் 26,000க்கு மேலிருந்த நிலையங்கள் 2019 அளவில் ஏறத்தாழ 4,000 ஆகச் சுருங்கின. 1978 இல் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ வந்த காலந்தொட்டு அங்கே ஓர் ஆட்டத்துக்கு நூறு யென் நாணயம் ஒன்றே வழமை. (அந்த ஆட்டத்தால் நாட்டில் நாணயத்துக்கே தட்டுப்பாடு வந்தது என்பது சுவையான கட்டுக்கதை.) 1989 இல் 3 வீதமாகப் பிறந்த நுகர்வு வரி 2019 இல் 10 வீதமாயிற்று, வாடகையும் மின்கட்டணமும் ஏறின, நிறுவனத்தின் பங்கும் சேர்ந்தது. நூறு யென் மட்டும் நூறு யென்னாகவே நின்றது. 2021 இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபா நாட்கூலி அசையாது நிற்க, 2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டதை அனுபவித்தவர்கள் நாம். அடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக உயர 2024 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே டோக்கியோவின் சிறு கடைக்காரருடைய கணக்கு நமக்குப் புரியாத கணக்கல்ல. இத்துறையின் பெரும்புள்ளியான செகா நிறுவனமே தன் நிலையங்களின் பெரும்பங்கை 2020 இல் விற்றது. எஞ்சியதையும் 2022 இல் விட்டுவிட்டது. பிழைத்திருக்கும் நிலையங்களில் பொம்மையைக் கவ்வி எடுக்கும் கொக்கி இயந்திரங்களே வருவாயின் பெரும்பங்கை ஈட்டுகின்றன. திறமைக்கு அங்கு அதிக வேலையில்லை. நம் ஊர்ச் சந்தையில் வளையம் எறிந்து சவர்க்காரக் கட்டி வெல்லும் ஆட்டம் இதனினும் யோக்கியமானது.

இத்தனைக்கும் இடையில், 2019 இல் ‘எக்ஸா ஆர்கேடியா’ என்ற புதிய இயந்திரம் வெளிவந்தது. ஆட்டம் செருகுபெட்டியாக விற்கப்படுகிறது; வாங்கியவனுக்கே அது சொந்தம். வலைத்தொடர்பு தேவையில்லை, நாணயத்தில் பங்கும் இல்லை. பழைய ஜம்மாப் பெட்டிகளிலும் பொருத்தலாம். விலை நமக்கு எட்டாதது. அதைச் செய்தவர்கள் தொழிலாளர் நலம் கருதிச் செய்யவுமில்லை. ஆயினும் வாடகைப் பூட்டு இல்லாமலே புதிய இயந்திரம் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி. 2022 மார்ச்சில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்ட நாட்டில், மின்சாரம் திரும்பியதும் எவரிடமும் அனுமதி கேளாமல் எழக்கூடிய இயந்திரமே நமக்கு உகந்தது. 2017 முதல் ‘மிஸ்டர்’ என்ற திறந்த திட்டத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் பழைய போர்ட்களின் மின்சுற்றை ஒரே சில்லில் மீண்டும் உருவாக்கி, வரைபடங்களை யாவர்க்கும் பொதுவாக வைக்கின்றனர். ஆட்டங்களின் உரிமை இன்னமும் நிறுவனங்களிடமே இருப்பதால் அந்தச் சாவி பாதிவரைதான் திரும்புகிறது.

இன்று லயங்களில் பிள்ளைகள் ஆளுக்கொரு மூலையில் தொலைபேசியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். டேட்டாக் கார்ட் தீர்ந்தால் ஆட்டம் தீர்ந்தது. தோற்றவனை ‘அரைப்பேர்’ என்று கேலி செய்ய அருகில் ஒருவருமில்லை.

மேலே சொன்ன மாணவர் கொழும்பில் கழித்துப்போட்ட வெறும் பெட்டி ஒன்றை வாங்கி, லொறியில் ஏற்றி, தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். கைப்பிடிகள் தேய்ந்திருந்தாலும் திரை நன்றாக இருக்கிறது. உள்ளே வைப்பதற்கு ஒரு சிறு கணினியைத் தயார் செய்கிறார். நம் பாடசாலையின் உயர்தர மாணவர் இருவர் ஆட்டம் ஒன்றைத் தாமே எழுதிக்கொண்டிருக்கின்றனர். அதில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண் ஏற்றத்தில் ஏறுகிறாள். அட்டைகளையும் குளவிகளையும் தப்பிக்க வேண்டும். தோட்டத்து வாசிகசாலையில் கரம் பலகைக்குப் பக்கத்தில் பெட்டியை வைப்பதென்று இளைஞர் கழகம் தீர்மானித்திருக்கிறது. காசு போடும் துளையை அடைத்துவிட்டார்கள்.

வாசிகசாலைக் கட்டடம் நிற்பது கம்பனியின் குத்தகை நிலத்தில். மின்இணைப்புக்கு நிர்வாகத்தின் எழுத்து அனுமதி வேண்டுமாம். விண்ணப்பம் கொடுத்து இரண்டு மாதங்களாகின்றன. பெட்டி தற்போது பிள்ளைப் பராமரிப்பு நிலையத்தின் விறாந்தையில் நிற்கிறது.