12 பல்லும் 29 பல்லும்

"ஏரிக்குப் போறேம்மா" என்று போனில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி: "தண்ணி இருக்காடா?"

நம்ம ஊர் அனுபவம் அப்படி! ஆனால், நான் இருந்தது அமெரிக்காவின் விஸ்கான்ஸின் மாநிலம். அங்கே தடுக்கி விழுந்தால் ஏரியில்தான் விழவேண்டும். கம்பெனி வேலையாக ஆறு மாசம் மில்வாக்கியில் ஜாகை. கூட ஒரு ரூம் மேட், திருநெல்வேலிக்காரன். சமையல் அவன், பாத்திரம் நான்.

வீட்டுக்காரத் தாத்தாவுக்கு எண்பது வயசு. அவருடைய கார் வெளியே வெயிலில் காய, கார் ஷெட்டுக்குள் சொகுசாக நின்றவை பழைய அவுட்போர்டு மோட்டார்கள். அதான் சார், படகின் பின்பலகையில் மாட்டுவார்களே, மேலே இன்ஜின், கீழே தண்ணீருக்குள் காற்றாடி! எட்டு உருப்படி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஸ்டாண்டு, தனித்தனி போர்வை.

"ஞாயிற்றுக்கிழமை ஒகாச்சி ஏரிக்கு வாங்க. இந்த மோட்டாரெல்லாம் பிறந்த கதையே அங்கேதான்" என்றார்.

மில்வாக்கிக்கு மேற்கே சுமார் 30 மைலில் இருக்கிறது ஒகாச்சி. 1906-ல் ஓலி எவின்ரூட் என்ற இளைஞர், நார்வேயில் பிறந்து சின்ன வயசிலேயே இங்கே வந்தவர், காதலி பெஸ்ஸோடு பிக்னிக் வந்தாராம். நல்ல வெயில். பெஸ் ஐஸ்கிரீம் கேட்க, ஓலி துடுப்புப் போட்டுக்கொண்டே அக்கரைக்குப் போய் வாங்கி வருவதற்குள் ஐஸ்கிரீம் பாயசமாகிவிட்டது. காதலுக்காகத் தாஜ்மகால் கட்டினவர் ஒரு ரகம், மோட்டார் கட்டினவர் இன்னொரு ரகம். தயாரான மோட்டாரைப் பார்த்த பெஸ், "என்ன இது, காபிக்கொட்டை அரைக்கிற மெஷினா?" என்றாராம். 1909-ல் விற்பனைக்கு வந்தபோது ஒன்றரைக் குதிரை சக்தி. எடை 62 பவுண்டு, விலை 62 டாலர். (பவுண்டுக்கு ஒரு டாலர்! கத்தரிக்காய் மாதிரி நிறுத்தே விற்றிருக்கலாம்.)

உண்மையில் ஓலி முதல் ஆள் இல்லை. டெட்ராய்ட்டில் காமரான் வாட்டர்மேன் என்பவர் சில வருஷம் முந்திக்கொண்டார். ஆனால், ஒகாச்சிக் கரையில் நின்று இதைச் சொன்னால் ஏரியில் தள்ளிவிடுவார்கள். நான் சொல்லவில்லை.

அன்றைக்குக் கரையில் பழைய மோட்டார்க் கிறுக்கர்கள் ஏழெட்டுப் பேர். பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்திருந்தது 1950-களின் மெர்குரி ரேஸ் மோட்டார். பளபளவென்று இருந்தது. கீழ்ப்பாகம், 'லோயர் யூனிட்' என்பார்கள், மெலிசாக வாளைமீன் மாதிரி. அவர் ஒரு ரவுண்டு விட்டார் பாருங்கள்! படகு தண்ணீரைத் தொட்டதா இல்லையா என்றே தெரியவில்லை.

நம்ம தாத்தா மாட்டியது 1974-ல் வந்த எவின்ரூட், 9.9 குதிரை சக்தி. அதென்ன 9.9, பாட்டா செருப்பு விலை மாதிரி? பல ஏரிகளில் பத்துக் குதிரைக்கு மேல் கூடாது என்று சட்டம். அதற்காக ஒரு பாயின்ட் குறைத்து வைத்தார்கள். கீழே குண்டாக, பூசணிக்காய் மாதிரி ஒரு வீக்கம்.

"மாப்ளே, தாத்தா வண்டி டவுன் பஸ்டா" என்றான் ரூம் மேட். நானும் சிரித்தேன்.

மூன்று மணிக்கு மேற்கே கறுத்தது. தாத்தாவின் மகள், பேரப்பிள்ளைகளோடு பான்டூன் படகில் நடு ஏரிக்குப் போயிருந்தார். பான்டூன் என்றால் இரண்டு அலுமினிய உருளை மேல் பலகை அடித்து, சோபா போட்டு, கூரை வைத்த மிதக்கும் திண்ணை. அதன் மோட்டார் நின்றுவிட்டது. காற்று அந்தத் திண்ணையை எதிர்ப்பக்கத்துப் பாறைக் கரைக்குத் தள்ளுகிறது. தூரத்தில் மின்னல். திறந்த தண்ணீரில், அலுமினியத்தின் மேல், நாலு பேர்.

மெர்குரிக்காரர் முதலில் பாய்ந்தார். நொடியில் போய்ச் சேர்ந்து கயிறு கட்டினார். முறுக்கினார். காற்றாடி தண்ணீரை நுரையாகக் கடைந்ததே தவிர, பான்டூன் அசையவில்லை. இன்ஜின் திணறி நின்றது. மறுபடி கயிறு இழுத்தார். அதில் நியூட்ரல் கிடையாது, ஸ்டார்ட் ஆனதும் முன்னால்தான் பாயும். ஒரு குழந்தை அலறியது எங்களுக்கே கேட்டது.

அதற்குள் தாத்தா எங்களையும் ஏற்றிக்கொண்டு டக் டக் டக்கென்று கிளம்பிவிட்டார். எனக்கு உள்ளூர உதறல். பறக்கிற மோட்டாரால் முடியாததை இந்த டவுன் பஸ் செய்யுமா? அவர் கயிற்றை மாட்டி, மெதுவாக விறைக்க விட்டு, பிறகு சக்தியைக் கூட்டினார். இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம் அந்தத் திண்ணை, அரை மனசோடு, எங்கள் பின்னால் வரத் தொடங்கியது. நடக்கிற வேகம்தான். கால் மைல் தூரத்துக்குக் கால்மணி நேரம். கரையேறி ஐந்து நிமிஷத்தில் கொட்டியது பாருங்கள் மழை!

நனைந்த கோழிகளாகக் கார் ஷெட்டில் காபி குடிக்கும்போது தாத்தா விளக்கினார். மேலே இன்ஜின் சுழற்றும் தண்டு செங்குத்தாகக் கீழே இறங்கி, லோயர் யூனிட்டுக்குள் ஒரு சின்ன பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. அது காற்றாடியின் பெரிய பல்சக்கரத்தைத் திருப்புகிறது. ரேஸ் மெர்குரியில் இரண்டுக்கும் சம எண்ணிக்கைப் பல். இன்ஜின் 5,000 சுற்று சுற்றினால் காற்றாடியும் 5,000. பெரிய சக்கரம் தேவையில்லாததால் யூனிட் மெலிசு, தண்ணீர் தடுக்காது, பறக்கும். ஆனால், சின்ன காற்றாடி; கனத்தைக் கட்டினால் கைவிரித்துவிடும்.

எவின்ரூட்டில் சின்னது 12 பல், பெரியது 29 பல். இன்ஜின் 5,000 சுற்றினால் காற்றாடி இரண்டாயிரத்துச் சொச்சம்தான். வேகம் போனது எங்கே? முறுக்கு விசையாகத் திரும்பி வந்துவிடுகிறது, கிட்டத்தட்ட 2.4 மடங்கு. கொல்லிமலை ஏறும் லோடு லாரி முதல் கியரில் முக்குகிற அதே சமாசாரம். ஆபீஸ் பாஷையில் சொன்னால், பியூன் 29 தடவை ஓடினால் ஃபைல் 12 தடவைதான் நகரும். ஆனால், எவ்வளவு கனமான ஃபைலும் நகரும்!

"அந்தப் பூசணிக்காய் வீக்கத்துக்குள்ளே இருக்கறது அந்த 29 பல்லுதான்" என்றார் தாத்தா. சக்கரம் தேய்ந்தால்? சில சமயம் இன்னொரு செத்த மோட்டாரிலிருந்து தேடிப் பிடிக்கவேண்டியிருக்குமாம். எவின்ரூட்டைத் தயாரித்த ஓ.எம்.ஸி. 2000 டிசம்பரில் திவாலானது. பிறகு வாங்கி நடத்தியவர்களும் 2020-ல் எவின்ரூட் தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதனால்தான் போர்வை.

சொன்னவர், அடியில் இருந்த ஸ்க்ரூவைக் கழற்றி, கியர் ஆயிலில் கொஞ்சம் ஒரு டம்ளரில் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பால் கலந்த மாதிரி வெளுத்திருந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கிவிட்டது என்று அர்த்தமாம். தேன் மாதிரி இருந்தது. பேரக்குழந்தையைத் தூக்கிக் கொஞ்சும்போதுகூட அவர் முகத்தில் அவ்வளவு நிம்மதியைப் பார்க்கவில்லை!

"12, 29-னா எப்படி தாத்தா நம்புறது? உள்ளே திறந்து பார்க்கணுமா?" என்றான் ரூம் மேட். அவனுக்கு எதற்கும் சாட்சி வேண்டும்.

தாத்தா ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றினார், கியரை முன்னால் தள்ளினார், மேலே ஃப்ளைவீலில் ஒரு சாக்பீஸ் கோடு, கீழே காற்றாடி இதழில் ஒரு கோடு. "சுத்து" என்றார் என்னிடம்.

நான் ஃப்ளைவீலைக் கையால் சுற்ற, ரூம் மேட் குந்தி உட்கார்ந்து காற்றாடியைப் பார்த்தபடி சத்தமாக எண்ணினான். பன்னிரண்டாவது சுற்று முடிந்து காற்றாடிக் கோடு பழைய இடத்துக்கு வந்தது. மேலே என் கோடும் கச்சிதமாக நேரே நின்றது.

"எத்தனைடா?"

நான் எண்ண மறந்துபோயிருந்தேன். முதலிலிருந்து சுற்றினோம்.