ஆணியில் தொங்கும் டப்பா

சென்னையில இருக்கிற நண்பர் ஒருத்தர் போன வாரம் போன்ல கேட்டார்: "பேட்டரி இறங்கிப்போன காரை ஸ்டார்ட் பண்ண சின்னதா ஒரு டப்பா விக்கிறாங்களே, ஜம்ப் ஸ்டார்ட்டர்னு. அதெல்லாம் கிராமத்துல எதுக்குங்க? நாலு பேரு தள்ளினா ஆச்சு." அந்த நாலு பேர் எங்கேன்னு கேட்டேன். அவருக்குப் புரியல. அதனால இங்க எழுதறேன்.

எங்க ஊர் ஆற்காட்டுல இருந்து ஆரணி போற ரோட்டுல, திமிரி பக்கம். வீட்டுல ஒரு பழைய டீசல் கார் இருக்கு. தினமும் எடுக்கிற வண்டி இல்ல. கல்யாணம், காரியம், ஆஸ்பத்திரின்னா மட்டும்தான் வெளிய வரும். மத்த நாள்ல புளியமரத்தடியில நிக்கும், கோழி மேல ஏறி உட்காரும்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஐப்பசி மாசம், நல்ல மழை. ராத்திரி ஒண்ணரை மணிக்கு அம்மாவுக்கு இளைப்பு வந்துடுச்சு. பம்ப் மருந்து அடிச்சும் நிக்கல. உதடு கொஞ்சம் கறுத்த மாதிரி தெரிஞ்சது. தூக்கி காருல உட்கார வெச்சுட்டு சாவியைத் திருப்பினா, டக் டக் டக்னு சத்தம் மட்டும். செல்ஃப் எடுக்கல.

முன்னயெல்லாம் தெருவுல நின்னு ஒரு குரல் கொடுத்தா போதும், லுங்கியை மடிச்சுக் கட்டிட்டு ஆறு பேரு வந்துடுவாங்க. அன்னிக்கு வந்தது எழுபது வயசு பெரியப்பா ஒருத்தர்தான். வயசுப் பசங்கள்ல பாதிப் பேரு ராணிப்பேட்டை தோல் கம்பெனியில நைட் ஷிஃப்ட். மீதி பேரு பெங்களூரு, சென்னை. பொண்ணுங்க விடிகாலை ஷூ கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கணும், அவங்களை எழுப்பி சேத்துல தள்ளச் சொல்ல முடியுமா? நானும் என் வீட்டுக்காரம்மாவும் பெரியப்பாவும் தள்ளினோம். சேறு, வேகம் வரவே இல்ல. டிராக்டர் பேட்டரியில ஒயர் போட்டு எடுக்கலாம்னா, சேறு ஓட்டப் போன டிராக்டர் பக்கத்து ஊர்லயே நிக்குது. வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியும் 12 வோல்ட்தான், ஆனா ஐம்பது கிலோவுக்கு மேல. மாடிப்படி அடியில இருந்து அதை யார் தூக்கறது?

கடைசியில 108தான். வண்டி வந்து சேர அரை மணி நேரம் ஆச்சு, அந்த மழையில அது சீக்கிரம்னுதான் சொல்லணும். பாலாத்துப் பாலம் தாண்டி வாலாஜா பெரிய ஆஸ்பத்திரி போய், ஆவி மருந்து வெச்சதும் அம்மாவுக்கு மூச்சு சரியாச்சு. ஆனா அந்த அரை மணி நேரம் நான் அம்மா முதுகைத் தடவிட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் எனக்கு உள்ளேயே இருக்கு.

காரணம் ரொம்ப அற்பம். மூணு நாள் முன்னாடி வேர்க்கடலை மூட்டை இறக்கினப்ப டிக்கியைச் சரியா அழுத்தி மூடல. உள்ள 5 வாட் பல்பு எரிஞ்சுட்டே இருந்திருக்கு. அது 0.4 ஆம்ப் இழுக்கும், ஒரு நாளைக்குப் பத்து ஆம்ப் ஹவர், மூணு நாளைக்கு முப்பது. 60 ஆம்ப் ஹவர் பேட்டரி புதுசா இருந்தா தாங்கியிருக்கும். என்னோடது நாலு வருஷப் பேட்டரி. குளிர் நாட்டுல பனியில பேட்டரி படுக்கும்னு சொல்வாங்க. நம்ம பக்கம் அதைக் கொல்றது வெயில். 25 டிகிரிக்கு மேல ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் பேட்டரி ஆயுசு பாதியாகும்னு ஒரு கணக்கு உண்டு. வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டறது வருஷா வருஷம் வர்ற சேதி. பானெட்டுக்குள்ள எவ்வளவுன்னு நீங்களே பாத்துக்குங்க. அதுக்கு மேல சும்மா நிக்கிறது. சார்ஜ் இறங்கின நிலையிலேயே கிடந்தா உள்ள தகட்டுல உப்பு படிஞ்சு இறுகிடும்.

அதுக்கப்புறம்தான் இந்த டப்பாவை வாங்கப் போனேன். முதல்ல ஏமாந்தது எண்ணைப் பாத்து. அட்டைப்பெட்டி மேல 2000 ஆம்ப்ஸ்னு பெரிசா போட்டிருப்பாங்க. அது பீக், கண் இமைக்கிற நேரத்துக்கு வர்றது. செல்ஃப் மோட்டார் சுத்த சில நொடி விடாம கரண்ட் வேணும். அதனால பின்பக்கம் பொடி எழுத்துல 'ஸ்டார்ட்டிங் ஆம்ப்ஸ்'னு தனியா இருக்கான்னு பாருங்க. எத்தனை லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு, எத்தனை லிட்டர் டீசலுக்குன்னும் போட்டிருக்கும். டீசல் எப்பவும் கம்மியாதான் இருக்கும், ஏன்னா டீசல் இன்ஜின் காத்தை ரொம்ப இறுக்கி அமுக்கும், சுத்தறதே கஷ்டம். எங்க தாத்தா ஆயில் இன்ஜினை ஹேண்டில் போட்டுச் சுத்தி கிணத்துத் தண்ணி இறைச்சவரு. ஒரு தடவை ஹேண்டில் திருப்பி அடிச்சு மணிக்கட்டு போச்சு. அந்தக் காலத்துக் கார்களும் அப்படித்தான், 1912ல கேடிலாக் காருல எலக்ட்ரிக் செல்ஃப் வர்ற வரைக்கும். கையால சுத்தினவருக்குத் தெரியும் டீசல்னா என்னன்னு.

இன்னொரு எண் மில்லி ஆம்ப் ஹவர். 20,000ன்னா கார் பேட்டரி அளவுக்கு இருக்கும்னு நெனச்சேன். அது உள்ள இருக்கிற 3.7 வோல்ட் செல் கணக்கு, 74 வாட் ஹவர்தான். என் கார் பேட்டரி 720. பத்துல ஒரு பங்கு. அதனால இந்த டப்பா பேட்டரியை நிரப்பாது, ஒரு உதை கொடுத்து எழுப்பிவிடும், அவ்வளவுதான். எழுந்த பிறகு அரை மணி நேரமாவது அணைக்காம ஓட்டணும். கிளிப்பை மாத்திப் போட்டா தடுக்கிற பாதுகாப்பு இருக்கிறதா பாத்து வாங்குங்க. இருட்டுல, பதட்டத்துல சிவப்பு எது கறுப்பு எதுன்னு கண்ணுக்குத் தெரியாது.

இவ்வளவும் படிச்சு, விசாரிச்சு, நல்லதா ஒண்ணு வாங்கினேன். வாங்கி எங்க வெச்சேன் தெரியுமா? டிக்கியில.

ஐப்பசியில வாங்கினது சித்திரை வரைக்கும் தொடவே இல்ல. கத்திரி வெயில்ல ஒரு நாள் டிக்கியைத் திறந்து எடுத்தா, கை வைக்க முடியல, சூடு. டப்பா ஒரு பக்கம் பூரி மாதிரி உப்பியிருக்கு. பட்டனை அமுக்கினா லைட் வரல. மூடின காருக்குள்ள வெயில் 60 டிகிரியைக் கூடத் தொடும். லித்தியம் பேட்டரிக்கு அது அடுப்பு. ஒரு பேட்டரியைக் கொன்ன அதே ரெண்டு காரணத்தால, வெயிலாலயும் கவனிக்காததாலயும், அதைக் காப்பாத்த வாங்கின பேட்டரியையும் கொன்னுட்டேன். குறை டப்பா மேல இல்ல. நல்லவேளை, அம்மாவுக்கு அந்த ஆறு மாசம் இளைப்பு வரல.

உப்பினதை சார்ஜ் போடக்கூடாது, குத்தக்கூடாது, தீ பிடிக்கும். குப்பையில போடவும் மனசு வரல. மூடின குரோமேட் ஆலையோட கழிவு மண்ணையும் தண்ணியையும் என்ன செஞ்சதுன்னு ராணிப்பேட்டையில பாத்தவங்க நாங்க. மணல் நிரப்பின வாளியில வெச்சு எடுத்துட்டுப் போய் விக்கிற கடையிலயே கொடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க.

இப்ப இருக்கிறது ரெண்டாவது. பையில போட்டு, கூடத்துல சாமி படத்துக்குப் பக்கத்துல, வெயில் படாத சுவத்துல ஒரு ஆணியில தொங்குது. அமாவாசைக்கு அமாவாசை வண்டிகளைக் கழுவி எலுமிச்சம்பழம் வைக்கிறது எங்க வழக்கம். அன்னிக்கு டப்பாவோட லைட்டையும் பாத்துடுவேன். மூணு அமாவாசைக்கு ஒரு தடவை சார்ஜ், அதுவும் ராத்திரியில, வெக்கை அடங்கின பிறகு. காரையும் அன்னிக்கு ஆரணி ரோட்டுல ஒரு சுத்து. பேட்டரி முனையில பச்சையா உப்பு பூத்திருந்தா ஒயரைக் கழட்டி வெந்நீர் ஊத்திக் கழுவி, காய்ஞ்சதும் மாட்டி கிரீஸ் தடவறேன். பாதி நேரம் செல்ஃப் எடுக்காததுக்கு அந்த உப்புதான் காரணம்.

இந்தப் பொங்கலுக்கு அண்ணன் மகன் சென்னையில இருந்து புது காருல வந்தான். போகிக்கு வந்தவன், மூணு நாளும் பிள்ளைங்க கார்ல பாட்டு கேட்டதுல காணும் பொங்கல் அன்னிக்கு சாவி போட்டா செத்துக் கிடக்கு. "தள்ளலாமா சித்தப்பா?"ன்னான். ஆட்டோமேட்டிக் வண்டி, தள்ளினாலும் எடுக்காது தம்பின்னேன். ஆணியில இருந்து டப்பாவை எடுத்து வந்து, சிவப்பு கிளிப்பை பேட்டரி ப்ளஸ்லயும் கறுப்பை இன்ஜின் இரும்புலயும் போட்டு, ரெண்டு நிமிஷம் விட்டேன். மூணு நொடி திருப்பச் சொன்னேன். எடுக்கல. உடனே மறுபடி திருப்பப் போனான், நிறுத்தி ஒரு நிமிஷம் காத்திருக்க வெச்சேன், செல்ஃபும் டப்பாவும் சூடாகும். ரெண்டாவது தடவை பிடிச்சுது. கிளிப்பை உடனே கழட்டிட்டேன், மாட்டியே விட்டா கார் சார்ஜ் திரும்பி டப்பாவுக்குள்ள போகும்.

"வழியில நின்னுட்டா? இதை நான் எடுத்துட்டுப் போறேன் சித்தப்பா"ன்னான். சரி எடுத்துட்டுப் போ, வீடு போனதும் டிக்கியில இருந்து மேல எடுத்துட்டுப் போயிடுன்னு சொல்லி அனுப்பினேன்.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்தப்ப அம்மா சுவத்தையே பாத்துட்டு இருந்தாங்க. "இன்னாடா, ஆணி சும்மா கீது, அந்த டப்பா எங்க?"

சாப்பாட்டுக் கையோட அவனுக்குப் போன் போட்டேன், காலையில முதல் பஸ்ஸுல கொடுத்தனுப்புன்னு.