ஏழேகால் வாய்ப்பாடு

பெரியப்பாவுக்குக் காது மந்தம். இருபது வருஷமாக டீசல் இன்ஜின்களுக்குப் பக்கத்திலேயே நின்ற காது. கூப்பிட்டால் திரும்ப மாட்டார், தோளைத் தொடவேண்டும். அதனால்தான் எனக்கு அவருடைய பட்டறையில் ஓர் உத்தியோகம் கிடைத்தது. 1984, நான் ஐந்தாம் வகுப்பு. சம்பளம், சாயங்காலம் ஒரு பன்னும் டீயும்.

நாமக்கல் அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்தது. எங்கே திரும்பினாலும் லாரி பாடி கட்டும் பட்டறைகள். இழைத்த மரத்தின் வாசனையும் வெல்டிங் புகையும் கலந்து அடிக்கும். பெரியப்பாவின் ஷெட்டில் இன்ஜின் வேலை மட்டும்தான். ஸ்பேனர், சுத்தியல், ஜாக்கி எல்லாம் ஆயில் குடித்த மண்ணில் கிடக்கும். ஒன்றே ஒன்று மட்டும் மரப்பெட்டிக்குள், பழைய வேட்டித் துணியில் சுற்றி, ஆஞ்சநேயர் படத்துக்குக் கீழே இருக்கும். டார்க் ரெஞ்ச்.

பிடியைத் திருகி அளவு வைத்துக்கொண்டு நட்டை முறுக்கினால், அந்த அளவு வந்ததும் உள்ளே ஸ்பிரிங் இடம் கொடுத்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அதோடு அதன் வேலை தீர்ந்தது. மேற்கொண்டு இழுத்தால் அது தடுக்காது, சொல்லத்தான் சொல்லும். கையிலும் ஒரு சின்ன அதிர்வு தெரியும். பெரியப்பாவின் உள்ளங்கை காய்த்துப்போயிருந்ததால் அதை அவர் நம்பவில்லை. என் காதை நம்பினார்.

ஹெட் மாட்டுகிற நாளில் ஷெட்டில் யாரும் பேசக்கூடாது. நடு நட்டில் தொடங்கி, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வெளியே போவார். ஒரே மூச்சில் முழு முறுக்கு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக மூன்று சுற்று. ஓரத்திலிருந்து தொடங்கினால் கேஸ்கட் ஒரு பக்கம் நசுங்கி, தண்ணீரும் ஆயிலும் கலந்துவிடும். நான் இன்ஜின்மேல் கவிழ்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருப்பேன்.

“கேட்டுச்சா கண்ணு?”

“கேட்டுச்சுங்க பெரியப்பா.”

“சரி, அடுத்தது.”

இதில் ஒரு சிக்கல். வண்டிப் புத்தகத்தில் அளவு கிலோகிராம்-மீட்டரில் இருக்கும். ரெஞ்சின் பிடியிலோ அடி-பவுண்டு. ஒன்றை மற்றொன்றாக்க ஏழேகாலால் பெருக்கவேண்டும். புத்தகத்தில் 12 என்றால் ரெஞ்சில் 87. பெட்டி மூடியின் உட்புறம் ஏழேகால் வாய்ப்பாட்டைச் சாக்பீஸில் எழுதி வைத்திருந்தார், அழிய அழிய நான் எழுதினேன். இன்றைக்கும் பதினேழாம் வாய்ப்பாடு தடுக்கும், ஏழேகால் தடுக்காது. வேலை முடிந்ததும் பிடியைத் திருகி அளவைக் கீழே இறக்கிவிட்டுத்தான் துணியில் சுற்றுவார். முறுக்கியபடியே வைத்தால் ஸ்பிரிங் அசந்து பொய் சொல்ல ஆரம்பிக்கும். நட்டைக் கழற்ற அதை ஒருநாளும் எடுத்ததில்லை.

பக்கத்து டயர் கடைக்குக் கம்ப்ரஸரும் ஏர் கன்னும் வந்தபோது எனக்குப் பெரியப்பாவின் பெட்டி அலுத்துப்போயிற்று. நேர்த்திக்கடன் போல ஒவ்வொரு நட்டாய்த் தடவுகிற இவர் எங்கே, டர்ர்ர் என்று பத்து நட்டை ஒரு நிமிஷத்தில் கழற்றி எறியும் அது எங்கே! பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய் நின்றுகொள்வேன். அந்தச் சத்தம் பெரியப்பாவுக்கே கேட்டது.

ஒரு ராத்திரி டிரைவர் ஒருவர் பஸ் பிடித்து வந்து கதவைத் தட்டினார். தொப்பூர் கணவாயில் லாரி பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, நட்டுதான் அசையவில்லை. நானும் அடம்பிடித்துப் போனேன். வீல் ஸ்பேனரில் நாலடிப் பைப்பைச் சொருகி, நுனியில் கிளீனர் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தான். மூன்று நட்டு வந்தது. நாலாவதில் ‘டப்’பென்று ஸ்டட் முறிந்து, பையன் ரோட்டில் விழுந்தான். நல்லவேளை, முழங்கை சிராய்ப்போடு போயிற்று. போன வாரம்தான் டயர் மாற்றியதாம். எங்கே, எதை வைத்து முறுக்கினார்கள் என்று பெரியப்பா கேட்கவில்லை. முறிந்த துண்டை டார்ச் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது வைக்கோல் பாரம் ஏற்றிய வண்டி ஒன்று முன்னால் போனது. “அந்தக் கயித்தப் பாரு. தொளதொளன்னு இருந்தா பாரம் சரியும். ரொம்ப இழுத்தா அறும். போல்ட்டும் கயிறுதான் கண்ணு, இழுபட்டு நின்னாத்தான் பிடிக்கும்.” இரும்பு நீளும் என்பதை நான் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டேன். பிற்பாடு பாலிடெக்னிக்கில் கணக்காகவே போட்டார்கள்: முறுக்குகிற பலத்தில் ஏறக்குறையப் பாதி நட்டின் அடியில் உராய்வாகப் போகும், மிச்சத்தில் பெரும்பங்கு மரையில் போகும், போல்ட்டை இழுத்துப் பிடிப்பது பத்தில் ஒரு பங்குதான். துருவோ ஆயிலோ இருந்தால் அந்தப் பங்கும் மாறும். பெரியப்பா கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்துத் தேய்த்து ஊதியது இதற்குத்தான்.

டயர் கடை ஏர் கன் கொஞ்ச நாளில் ரிப்பேருக்கு அவரிடமே வந்தது. பிரித்துக் காட்டினார். உள்ளே சுழல்கிற ஓர் இரும்புத் துண்டு, இன்னொன்றின் மேல் ஓயாமல் மோதுகிறது. அது முறுக்குவதில்லை, அடிக்கிறது. அடி நட்டுக்குப் போய்விடுவதால் பிடித்திருக்கும் கைக்கு எதிர்விசை அவ்வளவாகத் தெரிவதில்லை. கைக்குத் தெரியாததால் எவ்வளவு ஏறியது என்பதும் தெரிவதில்லை. காற்றழுத்தம் குறைந்தால் ஒரு கணக்கு, விசையை இரண்டு நொடி கூடுதலாக அழுத்தினால் வேறொரு கணக்கு. துருப்பிடித்த நட்டைக் கழற்ற அதைப்போல் ஒன்று இல்லை என்று அவரே சொல்வார். கழற்றத்தான்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஊருக்குப் போயிருந்தேன். ஷெட்டை இப்போது அண்ணன் பார்க்கிறார். மேஜைமேல் 18 வோல்ட் பேட்டரி மாட்டிய இரண்டு கன்கள், அண்ணன் தம்பி போல. ஒன்று பழைய டர்ர்ர்தான், காற்றுக் குழாய் மட்டும் இல்லை. மற்றது டார்க் ரெஞ்ச். உள்ளே பல்சக்கர அடுக்கு. மோட்டாரின் வேகத்தைக் குறைத்துப் பலத்தைக் கூட்டும். அடிக்காமல் நிதானமாகச் சுற்றுவதால் எதிர்விசை முழுக்கத் திரும்பி வரும். மனிதக் கை தாங்காது. பக்கத்து நட்டில் முட்டுக்கொடுக்க இரும்புக் கை ஒன்று வைத்திருக்கிறார்கள். லாரிச் சக்கரத்துக்கு 600 நியூட்டன் மீட்டர் என்று வைத்தார் அண்ணன். அறுபது கிலோ ஆள் ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் நிற்கிற கனம். தொப்பூர்க் கிளீனர் ஞாபகத்துக்கு வந்தான்.

பெரியப்பாவை நாற்காலியோடு சக்கரத்தருகே நகர்த்தி, கன்னை அவர் கையில் கொடுத்தோம். கை நடுங்கியது, அண்ணன் அடியில் தாங்கிக்கொண்டார். நட்டு மெதுவாகத் திரும்பி, நின்றது. பச்சை விளக்கு எரிந்தது. ‘டிக்’ என்றெல்லாம் ஒன்றும் இல்லை. பெரியப்பா விளக்கைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

“கேட்டுச்சா கண்ணு?”

“கேட்டுச்சுங்க பெரியப்பா.”

“சரி, அடுத்தது.”