வலை வீசக் கற்றோம்



கடலில் வலை வீசிக்கொண்டிருந்த இராயப்பரையும் பெலவேந்திரரையும் ஆண்டவர் அழைத்த நிகழ்ச்சியை எத்தனையோ முறை பிரசங்கித்துள்ளோம். மத்தேயு நற்செய்தி 4-ஆம் அதிகாரம், 18-ஆம் வசனத்தில் அவ்வலைக்குரிய கிரேக்கச் சொல் 'ஆம்பிபிளேஸ்திரோன்'. சுற்றிலும் விழ எறியப்படுவது என்பது பொருள். நம் ஊர் வீச்சுவலையேதான். 13-ஆம் அதிகாரத்து உவமையில் வருவதோ 'சகேனே' என்னும் பெரிய இழுவலை. குருமடத்தில் இவ்வேற்றுமையைக் கற்றுத் தேர்வும் எழுதினோம். எனினும் ஐம்பது வயது கடந்தும் வலையொன்றைக் கையால் தொட்டதில்லை.

தச்சநல்லூரில் பெரியவர் ஒருவர் வீச்சுவலையில் கைதேர்ந்தவர். ஞாயிறு காலையில் பூசைக்கு வராமல் குளத்துக்குப் போகிறவர்களைப் பற்றி ஒருமுறை பீடத்தில் நின்று கடுமையாகப் பேசிவிட்டோம். பெயர் சொல்லவில்லை, ஆனால் எல்லாரும் அவரையே திரும்பிப் பார்த்தனர். அதன்பின் அவர் கோவில் பக்கம் வரவில்லை. பல மாதங்கள் கழித்து அவர் வீட்டுக்குச் சென்று, வலை வீசக் கற்றுத்தருமாறு கேட்டோம். ஏற இறங்கப் பார்த்தார்.

"சனிக்கெழம வெள்ளென வாங்க சாமி."

சுத்தமல்லி அணையில் பிரியும் நெல்லைக் கால்வாயால் நிறையும் குளம் அது. மீன்பாசி குத்தகைக்காரரிடம் அவரே அனுமதி பெற்றிருந்தார். முதல் இரு வாரங்கள் கரைமேட்டில், வெறுந்தரையில்தான் பயிற்சி. கயிற்றின் சுருக்கை இடது மணிக்கட்டில் மாட்ட வேண்டும். ஈயக்குண்டு கோத்த விளிம்பில் ஒரு பகுதியை இடத்தோளில் போட்டு, மற்றதை வலக்கையில் அள்ளி, இடுப்பைத் திருப்பி வீச வேண்டும்.

மூன்றாம் வாரம் நீரில் இறங்கினோம். ஓடும் ஆறு நம் பிழையைச் சற்றே மறைக்கும். அசையாத குளம் மறைப்பதில்லை. நன்றாக விரிந்த வலை நீர்மேல் வட்டம் வரையும். நம் வலையோ சுருட்டிய பாய்போல் தொப்பென்று விழுந்தது.

"பலத்தக் காட்டாதீங்க சாமி. விடவேண்டிய நேரத்துல விடணும். நீங்க கடைசிவரைக்கும் பிடிச்சிக்கிட்டே இருக்கிய."

நான்காம் சனிக்கிழமை, அந்தப் பிரசங்கத்துக்காக வருந்துவதாகச் சொன்னோம். மூன்று வாரமாக நாவெழாமல் இருந்த சொல் அது. அவர் குளத்தைப் பார்த்தபடியே சற்று நின்றார். "அத விடுங்க சாமி. சுருக்க மாட்டுனியளா?" என்றார். மாட்ட மறந்திருந்தோம்!

ஐந்தாம் வாரம் வலை விரிந்தது. முழுவட்டமன்று; முட்டை வடிவம் எனலாம். ஈயம் அடிச்சேற்றைத் தொடும்வரை பொறுக்காமல் இழுத்தால் மீன் அடியில் நழுவிவிடும் என்பதால், அவர் தலையசைக்கும்வரை காத்திருந்து மெல்ல இழுத்தோம். இரண்டு ஜிலேபிக் கெண்டைகள். 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று குளந்தோறும் பெருகிவிட்ட மீன் அது. வலையோ அடியில் கிடந்த கருவேல முள்ளில் சிக்கி, நான்கு கண்கள் அறுந்துபோயின.

அறுந்த கண்களை நாமே முடிந்துகொண்டு வரவேண்டுமாம். நூலையும் ஊசியையும் தந்து அனுப்பியிருக்கிறார்.