கனவுப் பலன் எழுதியவன்

ஒரு வார இதழில் உதவி ஆசிரியராக இருந்தபோது, புனைபெயரில் கனவுப் பலன் பகுதியை எழுதியவன் நான்தான். பாம்பு துரத்தினால் பகை, பல் விழுந்தால் வீட்டில் துக்கம், வெள்ளத்தில் நடந்தால் பணவரவு. பாதி பழைய பஞ்சாங்கத்திலிருந்து எடுத்தது. பக்கம் நிரம்பாதபோது மீதியை நானே இட்டுக்கட்டினேன். அதில் ஒரு வரியைக்கூட நான் நம்பியதில்லை. நம்பி எழுதியிருந்தால் அறியாமை என்று மன்னித்துவிடலாம்.

நான் விலங்கியல் பட்டதாரி. உறக்கத்தில் கண்கள் வேகமாக அசையும் கட்டத்தை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் அறிவித்ததும், அந்தக் கட்டத்தில் எழுப்பினால் பெரும்பாலோர் கனவைச் சொல்வதும் எனக்குத் தெரியும். 1996-இல் பெல்ஜியத்தின் பியர் மாக்கே குழுவினர், கதிரியக்க ஆக்சிஜன் கொண்ட நீரை ரத்தத்தில் செலுத்தி, தூங்குகிறவர்களின் மூளையைப் பெட் ஸ்கேன் எடுத்து வெளியிட்ட முடிவுகளையும் படித்திருந்தேன்.

ஆழ்ந்த உறக்கத்தில் குறையும் மூளை ரத்த ஓட்டம், கனவுக் கட்டத்தில் ஏறக்குறைய விழிப்பு நிலை அளவுக்கு ஏறிவிடுகிறது. ஆனால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அல்ல. அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலாவில் கூடுகிறது. எதையும் நிதானித்து எடைபோட உதவும், நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப் பகுதிகளில் தணிந்தே கிடக்கிறது. அதனால்தான் கனவில் பயம் முழுசாக இருக்கிறது, 'இது நடக்கிற காரியமா?' என்று கேட்க மட்டும் ஆள் இருப்பதில்லை. நடக்கப்போவதைக் கனவு முன்கூட்டிச் சொல்லும் என்பதற்கு இந்த ஸ்கேன்களில் ஓர் ஆதாரமும் கிடையாது.

இவ்வளவையும் மேசையில் வைத்துக்கொண்டுதான் பாம்புக்குப் பகை என்று எழுதினேன். பலன் பகுதிக்குக் கடிதங்கள் குவிந்தன. அந்தக் குவியல் எனக்குப் பிடித்திருந்தது. ஆசிரியர் கட்டாயப்படுத்தினார் என்று சொல்ல வழியில்லை, அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பல் விழுவதாகக் கனவு கண்ட ஒரு பெண்மணி, கணவரை வேலைக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது, பரிகாரம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றச் சொல்லிப் பதில் போட்டேன். 'பயப்படாதீர்கள் அம்மா, அது வெறும் கனவு' என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால் என் குட்டு உடைந்துவிடுமே என்று எழுதவில்லை. தூக்கத்தில் ஒதுங்கியிருந்த நிதானம் விடிந்ததும் அவருக்குத் தானாகவே திரும்பியிருக்கும். அதைத் திரும்பவிடாமல் மறித்தது என் பேனா.

அந்தப் பகுதியைப் படித்துப் பயந்தவர்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். கெட்ட கனவு கண்டு விழித்தால் தண்ணீர் குடித்துவிட்டுப் படுங்கள். அதே கனவு அடிக்கடி வந்து தூக்கத்தைக் கெடுத்தால் மருத்துவரைப் பாருங்கள். பலன் மட்டும் தேடாதீர்கள். அதை எழுதுகிறவனுக்கு உங்கள் கனவைப் பற்றி எதுவும் தெரியாது.